127 பல் கியர்: வீட்டுப் பட்டறையில் வெட்டி முடிக்க வழி கேட்கிறேன்

பீளமேடு லேத்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அப்பா வைத்திருந்த நாலரை அடி லேத் இருக்கிறது. பெல்ட்டில் ஓடும் பழைய மெஷின், கோயம்புத்தூரிலேயே செய்தது. டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 புரி. மரையின் பிட்சை (புரிக்குப் புரி உள்ள தூரத்தை) மாற்றும் சேஞ்ச் கியர்கள் 20 பல்லில் தொடங்கி 120 வரை ஐந்தைந்தாகக் கூடி, சுவரில் ஆணியில் வரிசையாகத் தொங்குகின்றன. ஓர் ஆணி மட்டும் காலி. அது 127 பல் கியருடையது. அங்குல லீட் ஸ்க்ரூவில் மிமீ மரை போட அதுதான் வேண்டும். அப்பா யாருக்கோ இரவல் கொடுத்தார், திரும்பி வரவில்லை.

இத்தனை வருஷம் அங்குல மரைதான் போட்டேன், அதனால் அது இல்லாதது உறைக்கவில்லை. இப்போது மகளின் டெலஸ்கோப்பில் கேமராவை மாட்ட ஓர் அலுமினிய வளையம் கடைய வேண்டும். அதன் மரை 42 மிமீ விட்டம், 0.75 மிமீ பிட்ச். இதே 42 மிமீ விட்டத்தில் 1 மிமீ பிட்ச் கொண்ட பழைய கேமரா லென்ஸ் மரையும் உண்டு. அதைப் போட்டால் ஒரு சுற்றுப் போனதும் இறுகி நின்றுவிடும். பிட்ச் சரியாக வந்தே ஆக வேண்டும்.

டிரில்-மில் ஒன்று இருக்கிறது. வட்டத்தைச் சம பாகமாகப் பிரிக்கும் 40:1 டிவைடிங் ஹெட்டும் (கைப்பிடி 40 சுற்றினால் ஸ்பிண்டில் ஒரு சுற்று) அதோடு வந்த, வட்டம் வட்டமாக ஓட்டை போட்ட மூன்று பிளேட்டும் இருக்கின்றன. எந்த பிளேட்டிலும் 127 ஓட்டை வட்டம் கிடையாது. அதனால் காகிதத்தில் 127 கோடு போட்ட ஒரு பட்டையை அச்செடுத்து, 150 மிமீ வட்டத் தகட்டின் விளிம்பில் சுற்றி ஒட்டி, அதை டிவைடிங் ஹெட்டின் ஸ்பிண்டிலில் நேராக மாட்டினேன். பக்கத்தில் ஒரு ஊசி. ஒவ்வொரு கோடும் ஊசிக்கு நேராக வரும்போது ஒரு பல் வெட்டு.

126 பல் வரை ஒழுங்காகத்தான் போனது. கடைசிப் பல் பாதித் தடிமன்தான் வந்தது. மற்றவை 2.3 மிமீக்குப் பக்கம், இது ஒன்று 1.1. பசை ஈரத்தில் காகிதம் நீண்டு, இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் போல மேலேறியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். இன்னொரு விஷயம், எல்லாப் பல்லுமே நுனியில் கூம்பி இருக்கின்றன. அப்பா செட்டில் உள்ள கியர்களின் பல் மாதிரி இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உழைத்த பிளாங்க் (பல் வெட்ட எடுத்த வட்டத் துண்டு). எங்கே தப்பு செய்தேன்?


மதுரை மில்லிங்:

முதலில் மாட்யூல் (மிமீ கணக்கில் பல்லின் அளவு) என்ன என்று சரிபார்த்தீர்களா அண்ணா? அங்குல லீட் ஸ்க்ரூ என்றால் கியர் டி.பி. (டயமெட்ரல் பிட்ச்) என்ற அங்குலக் கணக்கில் இருக்கலாம். 40 பல் கியரை எடுத்து வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து சொல்லுங்கள். வெளிவிட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் மாட்யூல் வந்துவிடும்.

அப்புறம், கட்டர் மேல் என்ன பொறித்திருக்கிறது? நம்பரை மட்டும் சொல்ல வேண்டாம், முகத்தில் உள்ள எல்லா எழுத்தையும் சொல்லுங்கள்.


பீளமேடு லேத்:

40 பல்லுக்கு வெளிவிட்டம் 63.0 மிமீ. 63-ஐ 42-ஆல் வகுத்தால் 1.5. அதனால் மாட்யூல் 1.5 கட்டர்தான் வாங்கினேன். 127 பல்லுக்கு 2-ஆம் நம்பர் கட்டர் என்று படித்திருந்தேன், ஆன்லைனில் அதையே ஆர்டர் செய்தேன். இப்போதுதான் கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன். "மாட்யூல் 1.5, 20 டிகிரி, நம்பர் 2" என்று இருக்கிறது, அதன் கீழே "14-16".


மதுரை மில்லிங்:

அதேதான். உங்கள் பல் கூம்பியதற்குக் காரணம் இந்த 14-16.

எட்டு கட்டர் செட்டில் நம்பர் வரிசை இரண்டு விதமாக உண்டு. டி.பி. கட்டர்களில் 1-ஆம் நம்பர் 135 பல்லில் தொடங்கி ரேக் (நேரான பல் பட்டை) வரை, 2-ஆம் நம்பர் 55 முதல் 134 வரை, அப்படியே இறங்கி 8-ஆம் நம்பர் 12, 13 பல்லுக்கு. மாட்யூல் கட்டர்கள் பலவற்றில் இது தலைகீழ். அங்கே 1-ஆம் நம்பர்தான் 12, 13 பல்லுக்கு, 2 என்றால் 14 முதல் 16, 7-ஆம் நம்பர் 55 முதல் 134, 8-ஆம் நம்பர் 135க்கு மேல். நீங்கள் படித்தது ஒரு வரிசை, உங்களுக்கு வந்தது இன்னொரு வரிசை.

சின்ன கியரின் பல் பக்கவாட்டில் அதிகமாக வளைந்திருக்கும். கியர் பெரிதாகப் பெரிதாக அந்த வளைவு நிமிர்ந்துகொண்டே போகும், ரேக்கில் நேர்கோடாகிவிடும். 15 பல்லுக்கான வளைவை 127 பல்லில் வெட்டினால் நுனி கூம்பத்தான் செய்யும். வாங்கும்போது நம்பரை விட்டுவிட்டு, பல் வரம்பு 55-134 என்று பொறித்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அப்போது எந்த வரிசையானாலும் தப்பு வராது.


ஸ்டெப்பர் பிரியன்:

அண்ணா, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு கஷ்டம் எதற்கு? வெளிவிட்டம் 193.5 மிமீ தானே, 220 மிமீ தளம் உள்ள பிரிண்டரில் ஒரே ராத்திரியில் அச்சடித்துவிடலாம். சேஞ்ச் கியருக்கு வரும் பாரம் குறைவு, பிளாஸ்டிக் தாங்கும். இல்லையென்றால் ஸ்பிண்டிலில் சுற்றை அளக்கும் ஒரு என்கோடர், லீட் ஸ்க்ரூவில் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் வைத்துவிட்டால் சேஞ்ச் கியரே வேண்டாம். எந்த பிட்சும் பட்டனில் வரும். நான் என் லேத்தில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.


பீளமேடு லேத்:

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது தம்பி, நல்ல யோசனைதான். வளையம் மட்டும்தான் வேண்டும் என்றால் இன்றைக்கே அச்சடித்திருப்பேன். ஆனால் அந்தக் காலி ஆணியில் வார்ப்பிரும்பில் ஒரு கியர் தொங்க வேண்டும் என்று ஆசை. மற்ற கியர்களோடு சேர்ந்து இன்னும் ஐம்பது வருஷம் ஓட வேண்டும். அதை நானே வெட்டக் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.


சிங்கப்பூர் மினிலேத்:

எனக்கும் இதே தலைவலிதான், ஆனால் மறுபக்கத்தில். என் மினி லேத்தின் லீட் ஸ்க்ரூ 1.5 மிமீ பிட்ச். கேமரா டிரைபாட் ஸ்க்ரூ கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி, அதாவது 1.27 மிமீ பிட்ச். பாருங்கள், அங்கேயும் 127!

நான் 127 வெட்டவில்லை. அதற்குப் பதில் 63 பல் வெட்டினேன். 80-ஐ 63-ஆல் வகுத்தால் 1.26984, நமக்கு வேண்டியது 1.27. பத்தாயிரத்தில் ஒன்றேகால் பங்குதான் வித்தியாசம். 100 மிமீ நீள மரையில் 0.0125 மிமீ. நட்டுக்கும் போல்ட்டுக்கும் அது ஒன்றுமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. 63-ஐ உங்கள் 40:1 ஹெட்டில் சாதாரணமாகப் பிரிக்க முடியாது. 40/63 சுருங்காது, 63 ஓட்டை வட்டம் அந்த மூன்று பிளேட்டிலும் இல்லை. என்னிடம் இருப்பது 90:1 ரோட்டரி டேபிள். 90/63 என்றால் ஒன்றும் மூன்றின் கீழ் ஏழும். 21 ஓட்டை வட்டத்தில் ஒரு முழுச் சுற்று, மேலே 9 ஓட்டை. சிரமமில்லாமல் முடிந்தது. மாட்யூல் 1, வெளிவிட்டம் 65 மிமீ, டெல்ரின் பிளாஸ்டிக். மூன்று வருஷமாக ஓடுகிறது.


பீளமேடு லேத்:

63-ஐ நானும் யோசித்தேன். 1.5 மிமீ பிட்சுக்கு 63/100, 30/80 என்று அழகாக அமைகிறது. ஆனால் எனக்கு வேண்டிய 0.75க்கு அமையவில்லை. 63ஓடு 30 பல்லைச் சேர்த்தால் ஓட்டப்படும் இரண்டு கியரின் பெருக்கல் 16,000 வர வேண்டும். என்னிடம் உள்ள பெரிய கியர் 120. அதை இரண்டு தடவை போட்டாலே 14,400தான்.

127 என்றால் கணக்கு தானாக விழுகிறது. 4 புரி லீட் ஸ்க்ரூ என்றால் 6.35 மிமீ. வேண்டிய பிட்சை 20-ஆல் பெருக்கினால் ஓட்டும் கியர், ஓட்டப்படுவது எப்போதும் 127. 1 மிமீக்கு 20, 1.25க்கு 25, 1.5க்கு 30, 1.75க்கு 35, 2க்கு 40. எல்லாம் என் ஆணியில் இருப்பவைதான். 0.75க்கு மட்டும் 15 பல் வேண்டும், அதை 30/127, 40/80 என்று பிரித்துக்கொள்ளலாம். இதனால்தான் 127-ஐ விட மனசு வரவில்லை.


டூல்ரூம் பெரியவர்:

தம்பி பீளமேடு, முழுவதும் படித்தேன். 34 வருஷம் டூல் ரூமில் இருந்தவன், இப்போது ஓய்வு. உங்கள் யோசனை நல்ல யோசனை. காகிதப் பட்டையை மாட்டிய இடம்தான் தப்பு.

நீங்கள் பட்டையை ஸ்பிண்டிலில் மாட்டினீர்கள். பட்டையில் உள்ள பிழை அப்படியே பல்லுக்குப் போய்விட்டது, வட்டத் தகடு பிளாங்கைவிடச் சின்னது என்பதால் கொஞ்சம் பெரிதாகியும் போனது. அதே பட்டையைக் கைப்பிடி சுற்றும் தண்டில் மாட்டியிருந்தால் நடுவில் வார்ம் (திருகு போன்ற கியர்) வந்துவிடும். கைப்பிடி 40 சுற்றுச் சுற்றினால்தான் ஸ்பிண்டில் ஒரு சுற்று. அப்போது பட்டையில் உள்ள எந்தப் பிழையும் 40-ஆல் வகுபட்டுத்தான் பல்லுக்கு வரும்.

காகிதம் வேண்டாம், நீளும். கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு டேப் ஒன்று வாங்குங்கள், அங்குலமும் சென்டிமீட்டரும் இரண்டு ஓரத்திலும் போட்டதாக. அதைக் கையில் எடுத்து 5 அங்குலக் கோட்டைப் பாருங்கள். நேர் எதிரே 12.7 சென்டிமீட்டர் கோடு இருக்கும், இரண்டும் ஒரே கோடு. 1959இல் ஓர் அங்குலம் சரியாக 25.4 மிமீ என்று நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டதிலிருந்து அது தோராயம்கூட இல்லை, துல்லியம். 5 அங்குலம், 127 மிமீ. நீங்கள் தேடும் கியர் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. 127 பகா எண் என்பதால் வேறு சின்ன கியர்களைக் கோர்த்து அதை உண்டாக்கவும் முடியாது.

அதே டேப்பில் 20 அங்குலக் கோட்டுக்கு நேரே 508 மிமீ. 508-ஐ 127-ஆல் வகுத்தால் 4 மிமீ. ஆக, சரியாக 508 மிமீ சுற்றளவுள்ள ஒரு வட்டத் தகட்டைச் சுற்றி டேப்பை ஒட்டினால் 127 பாகமும் டேப்பிலேயே அச்சாகி இருக்கின்றன, ஒவ்வொன்றும் 4 மிமீ. தகட்டின் விட்டம் 161.7 மிமீ. டேப்பின் தடிமனையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதனால் 162க்குக் கடைந்து வைத்துக்கொண்டு, டேப்பைச் சுற்றிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 508 கோடு பூஜ்யத்தின் மேல் உட்காரும்போது நிறுத்திவிடுங்கள். டேப் நுனியில் கொக்கி இருக்கும், அது ஆடும். அதை வெட்டிவிட்டு 100 மிமீ கோட்டிலிருந்து 608 வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பல்லுக்குக் கைப்பிடி 40/127 சுற்று. அதாவது டேப்பில் 160 மிமீ. முதல் பல் 0, அடுத்தது 160, 320, 480. அடுத்து 640 வரும், 508-ஐக் கழித்தால் 132. பிறகு 292, 452, 104. இப்படி 127 எண்ணையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வெட்டிய ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே போங்கள். 128-ஆவது எண் திரும்பவும் 0 வர வேண்டும், வராவிட்டால் கணக்கு தப்பு.

கண்ணால் பார்த்து 0.2 மிமீ தப்பாக வைத்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் கியரின் பிட்ச் வட்டத்தில் அது 0.006 மிமீதான். இணைப்பில் ஒரு முழு மில்லிமீட்டர் விட்டாலும் 0.03 மிமீ.

கைப்பிடியை எப்போதும் ஒரே திசையில் சுற்றுங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் அரைச் சுற்றுக்கு மேல் பின்னால் போய் மறுபடி முன்னால் வந்து நிறுத்துங்கள். வார்மில் ஆட்டம் எப்போதும் உண்டு. இதைச் செய்யாமல் கோட்டுக்கு மட்டும் பின்னால் தள்ளினால் அந்த ஒரு பல் கெட்டுவிடும்.


மதுரை மில்லிங்:

ஐயா, கும்பிடுகிறேன். 5 அங்குலமும் 127 மில்லிமீட்டரும் ஒரே கோடு என்பது டேப்பை இத்தனை வருஷம் கையில் வைத்திருந்தும் என் கண்ணில் படவில்லை. இப்போதே எடுத்துப் பார்த்தேன்.

ஒரு சந்தேகம். யுனிவர்சல் டிவைடிங் ஹெட் என்றால் டிஃபரன்ஷியல் முறையில் 127 வருமே?


டூல்ரூம் பெரியவர்:

வரும் தம்பி. 127க்குப் பக்கத்தில் பிரிக்க வசதியான 120-ஐ எடுத்துக்கொள்ள வேண்டும். 40/120 என்றால் மூன்றில் ஒரு சுற்று, 39 வட்டத்தில் 13 ஓட்டை. விட்டுப்போன 7 பல்லைக் கியர் மூலம் பிளேட்டைச் சுற்றி ஈடுகட்டுவோம். 7-ஐ 40-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 7/3, அதாவது ஸ்பிண்டில் பக்கம் 56, பிளேட் பக்கம் 24. எடுத்துக்கொண்ட எண் சிறியது என்பதால் பிளேட் கைப்பிடிக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். அதற்கு ஏற்ப இடையில் ஐட்லர் (திசையை மட்டும் மாற்றும் கியர்) வையுங்கள். திசை மாறினால் 127க்குப் பதில் 113 பல் பிரிந்துவிடும். நான் வேலை செய்த இடத்தில் இப்படித்தான் வெட்டினோம். பீளமேடு தம்பியிடம் இருப்பது சாதாரண ஹெட், அதில் பின்பக்கம் கியர் மாட்ட வழி இல்லை. அதனால்தான் டேப்.


ஸ்டெப்பர் பிரியன்:

ரோட்டரி டேபிளில் ஸ்டெப்பர் வைத்துப் பிரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நானே இதில் ஒரு கியரைக் கெடுத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். 200 ஸ்டெப் மோட்டார், 16 மைக்ரோ ஸ்டெப், 90:1 டேபிள். ஒரு முழுச் சுற்றுக்கு 2,88,000 ஸ்டெப். 127-ஆல் வகுத்தால் 2267.7165. நான் அதை 2268 என்று முழுதாக்கி ஒவ்வொரு பல்லுக்கும் கொடுத்தேன். 127 பல் முடிவில் 36 ஸ்டெப் அதிகம். பிட்ச் வட்டத்தில் கிட்டத்தட்ட 0.075 மிமீ, மொத்தமும் கடைசிப் பல்லில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு பல்லின் இடத்தையும் பூஜ்யத்திலிருந்து கணக்கிட்டுப் பிறகு முழுதாக்க வேண்டும். அப்படிச் செய்தால் பிழை சேராது, எந்தப் பல்லிலும் அரை ஸ்டெப்பைத் தாண்டாது.

ஐயா சொன்ன தாளில் அடிக்கும் முறைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நடுவில் கரண்ட் போனால் என் பெட்டி எந்தப் பல்லில் இருந்தோம் என்பதை மறந்துவிடும். தாள் மறக்காது.


சோமனூர் தறிக்காரன்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நமக்கு லேத் தெரியாது, விசைத்தறிதான் தொழில். துணியில் அங்குலத்துக்கு எத்தனை ஊடை நூல் விழ வேண்டும் என்பதை மாற்ற நாங்களும் ஒரு வீலைக் கழற்றி வேறு பல் வீல் மாட்டுவோம். ஒரு பல் மாறினால் துணியின் நெருக்கம் மாறிவிடும். உங்கள் மரைக் கணக்கைப் படிக்கும்போது இது நம் தறிக் கணக்கேதான் என்று தோன்றியது. தேய்ந்த வீலுக்குப் பதில் ஹைலம் என்ற பிசின் பலகையில் வெட்டிப் போட்டால் சத்தம் குறைகிறது. வெட்டுபவர்கள் அருகில் இருந்தால் சொல்லுங்கள்.


மதுரை மில்லிங்:

தறிக்கார அண்ணா, ஹைலம் நன்றாக வெட்டும். ஆனால் தூசி மோசம், மூக்கை மூடிக்கொண்டுதான் வெட்ட வேண்டும். பழைய வீலையும் அதோடு கடிக்கும் வீலையும் சேர்த்துக் கொடுங்கள், ஒன்றை மட்டும் கொடுத்தால் தேய்ந்த பல்லை அளந்து தப்பு செய்துவிடுவார்கள்.

127 என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கிரேக்கத்தின் ஆன்டிகைதெரா கருவி, சூரியன், நிலா இருக்கும் இடத்தைக் கணித்த பழைய இயந்திரம். 1901இல் கடலுக்கடியில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து எடுத்தது, இப்போது ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய வெண்கல கியர்கள். அதிலும் ஒரு 127 பல் கியர் உண்டு! அங்குலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 19 வருஷத்தில் நிலா வானத்தை 254 தடவை சுற்றிவருகிறது, 254இல் பாதி 127. பல் எல்லாம் முக்கோணம், அரத்தால் அறுத்தது. வார்ம் இல்லாமல், டேப் இல்லாமல் ஒரு பகா எண்ணைப் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கையை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.


பீளமேடு லேத்:

ஒரு மாதம் ஆகிவிட்டது, வந்து சொல்ல வேண்டும் அல்லவா. ஐயா சொன்னபடியே செய்தேன். செய்ததை எழுதுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

பிளாங்குக்கு ஒரு பவுண்டரியில் 205 மிமீ வட்டத்தில் வார்த்துக் கொடுத்தார்கள். மேல்தோலில் மணல் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் கட் தோலுக்குக் கீழே போகும்படி ஆழமாக எடுக்க வேண்டும், மேலோட்டமாக உரசினால் டூல் மழுங்கிவிடும். போர் செய்து, மேன்ட்ரலில் ஏற்றி, வெளிவிட்டத்தை 193.5க்குக் கடைந்தேன்.

டேப் தகடு செய்யத்தான் அதிக நேரம் பிடித்தது. மூன்றாவது தடவை சுற்றிப் பார்த்தபோது கோடும் கோடும் சேர்ந்தன. விளிம்பில் ஒட்டி, சைக்கிள் ஸ்போக் ஒன்றைக் கூராகத் தீட்டி ஊசியாக வைத்தேன். மேலே படிக்கிற பூதக் கண்ணாடி. கோடு ஊசி நுனியில் இரண்டாகப் பிளப்பது தெளிவாகத் தெரிகிறது.

கட்டர் இந்தத் தடவை 55-134 என்று பொறித்தது. கட்டரின் நடுவும் பிளாங்கின் நடுவும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் பல் ஒரு பக்கம் சாயும். அதனால் கட்டரைப் பிளாங்கின் மேல் ஒரு தாளை வைத்துத் தொடவிட்டு, பிளாங்கின் விட்டத்தில் பாதி, கட்டர் தடிமனில் பாதி, தாளின் தடிமன் மூன்றையும் கூட்டி இறக்கினேன். மொத்த ஆழம் மாட்யூலைப் போல 2.25 மடங்கு, 3.38 மிமீ. ஒரே கட்டில் எடுத்தால் பிளாங்க் மணி அடித்த மாதிரி அதிர்கிறது. பின்பக்கம் 180 மிமீ தகடு ஒன்றை முட்டுக் கொடுத்து, வெட்டும் இடத்துக்குக் கீழே ஒரு சின்ன ஜாக் வைத்ததும் சத்தம் அடங்கியது. முதல் சுற்று 2.8, இரண்டாவது சுற்று மீதி. வேகம் 140 சுற்று. வார்ப்பிரும்புக்கு எண்ணெய் வேண்டாம், பொடியை மட்டும் பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

61-ஆவது பல்லில் கரண்ட் போய்விட்டது. தாளில் 60 வரை அடித்திருந்தது. கட்டர் பாதியில் நின்றிருந்தது, வேறு எதையும் தொடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் அதே இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

127-ஆவது வெட்டு முடிந்ததும் கடைசிப் பல்லை வெர்னியரில் அளக்கக் கை நடுங்கியது. 2.34. அதற்கு அடுத்த முதல் பல் 2.35.


டூல்ரூம் பெரியவர்:

சபாஷ் தம்பி. மகிழ்ச்சி.

மாட்டும்போது இரண்டு கியருக்கும் நடுவே ஒரு தாளைக் கொடுத்து இறுக்குங்கள், பிறகு கையால் சுற்றித் தாளை வெளியே எடுத்துவிடுங்கள். அவ்வளவு இடைவெளி போதும். அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை போடும்போது, டூல் பக்கத்தை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. மரை டயல் அங்கே உதவாது. ஒவ்வொரு கட்டுக்கும் டூலை விலக்கிவிட்டு, மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டித் திரும்பி வாருங்கள். மறுபடி முன்னால் ஓட்டும்போது டூல் மரையைத் தொடுவதற்கு முன் ஆட்டம் எல்லாம் எடுபட, கொஞ்சம் தள்ளியே தொடங்குங்கள்.

கியர் மாற்றுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். லேத்தில் கையுறை போடாதீர்கள், வீட்டில்தானே என்று லுங்கியோடு நிற்காதீர்கள். கியர் மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். இந்த 127 பெரியது, பழைய மூடிக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.


பீளமேடு லேத்:

மூடியில் இடித்தது ஐயா, ஒரு பக்கம் தகரம் வைத்து நீட்டிப் பற்றவைத்துவிட்டேன்.

நேற்று வளையம் கடைந்தேன். 30/127, 40/80. எட்டுக் கட், ஒவ்வொன்றுக்கும் மோட்டாரைப் பின்னோக்கித் திருப்பிக்கொண்டு. கடைசியில் மகள் கேமராப் பக்கத்து அடாப்டரைக் கொண்டுவந்து திருகினாள். முதலில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, பிறகு அடி தட்டும் வரைக்கும் ஒரே சீராகப் போய் நின்றது. ராத்திரி மாடியில் சனியைப் பார்த்தோம். வளையம் தெரிந்தது.


டூல்ரூம் பெரியவர்:

ஆணியில் மாட்டுவதற்கு முன் எண் பஞ்சால் முகத்தில் 127 என்றும் பக்கத்தில் 1.5 என்றும் அடித்துவிடுங்கள் தம்பி. அடுத்து எடுப்பவர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.